ய + ர + ல = 0: இந்தக் கோடு எங்கே கிடக்கிறது?

மார்ச் 3, இரவு 8.50 · களுவாஞ்சிக்குடி

பரப்பு ஆள்கூறு படிக்கத் தொடங்கி மூன்றாம் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். முக்கோணியின் உச்சிகள் அ, ஆ, இ. ஒரு புள்ளியை உச்சிகளோடு இணைத்தால் மூன்று சிறு முக்கோணிகள். அவற்றின் பரப்பை முழுப் பரப்பால் வகுத்தால் ய, ர, ல. கூட்டினால் 1. புள்ளி வெளியே போனால் குறி மாறுகிறது, ஆனாலும் கூட்டுத்தொகை 1 தான். மறுகா திடீரென்று "ய + ர + ல = 0 என்பது முடிவிலிக் கோடு" என்று வருகிறது. எப்போதும் 1 ஆக இருப்பது எந்தப் புள்ளியில் 0 ஆகும்? இல்லாத புள்ளிகளைக் கோத்து ஒரு கோடா?

என் கட்சி இது: வெறும் பேச்சு வழக்கு. சமாந்தரக் கோடுகள் சந்திக்காது, கதை முடிந்தது. மறுப்பவர்கள் கணக்கோடு வரவும், முடிந்தால் அந்தக் கோட்டைத் தாளில் வரைந்தும் காட்டவும்.

மார்ச் 3, இரவு 9.35 · செங்கலடி

கணக்கோடே வருகிறேன். (ய : ர : ல) என்பது விகிதம். (2 : 3 : 5), (4 : 6 : 10) இரண்டும் ஒரே புள்ளி. "கூட்டினால் 1" என்பது நாமாகச் செய்யும் வேலை, கூட்டுத்தொகையால் மூன்றையும் வகுக்கிறோம். கூட்டுத்தொகை 0 ஆனால் வகுக்க முடியாது. அதற்காக மூன்று எண்களும் காணாமற் போவதில்லை.

அவை என்ன என்று பார்க்க ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். இ என்பது (0, 0, 1), ஆ என்பது (0, 1, 0). வித்தியாசம் (0, −1, 1). எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் 1 − 1 = 0 தான் வரும். ஆக, கூட்டுத்தொகை 0 ஆன மும்மை ஒரு திசை. (0 : −1 : 1) என்பது ஆஇ பக்கத்தின் திசை.

இப்போது ஆஇக்குச் சமாந்தரமான ஒரு கோடு. அஆ, அஇ பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைப்பதை எடுப்போம். அதன் சமன்பாடு ய = ர + ல. (0 : −1 : 1) ஐப் போட்டால் 0 = 0. வேறு சமாந்தரக் கோடு எதுவானாலும் ய = எண் × (ய + ர + ல) என்ற வடிவில்தான் இருக்கும், அதிலும் 0 = 0. ஆஇக்குச் சமாந்தரமான எல்லாக் கோட்டிலும் இந்த மும்மை உட்காருகிறது. பொதுப்புள்ளி என்றால் இதுதானே?

பய + மர + வல = 0 என்ற கோட்டின் முடிவிலிப் புள்ளி (ம − வ : வ − ப : ப − ம). இரண்டு கோடுகள் சமாந்தரமா என்று பார்க்க இந்த மும்மைகளை ஒப்பிட்டால் போதும். பரப்பு ஆள்கூறில் படித்திறனுக்கு (கோட்டின் சாய்வு எண்ணுக்கு) வேலையே இல்லை.

மார்ச் 3, இரவு 10.05 · களுவாஞ்சிக்குடி

சரி சேர், திசைக்குப் "புள்ளி" என்று பெயர் வைத்துவிட்டீர்கள். தண்டவாளம் இரண்டு பக்கமும் ஓடுகிறதே. மட்டக்களப்புப் பக்கம் ஒரு சந்திப்பு, கொழும்புப் பக்கம் ஒரு சந்திப்பு, ஆக இரண்டு புள்ளி. நேர்கோடுகள் இரண்டு புள்ளியில் வெட்டினால் கேத்திரகணிதமே படுத்துவிடும்.

மார்ச் 3, இரவு 10.20 · அக்கரைப்பற்று

மட்டக்களப்பு கடைசி ஸ்டேஷன் தம்பி, அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். ஒரு பக்கத்தைக் கழித்துவிடுங்கள்.

மார்ச் 4, காலை 6.15 · செங்கலடி

பகிடி இருக்கட்டும், கேள்வி நல்லது. கிடையான கோடு ஒன்று. அதற்கு 1 அலகு மேலே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியூடாக ஒரு கோட்டைச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். படித்திறன் −0.01 ஆகும்போது வலப்பக்கம் 100 அலகில் வெட்டும். −0.001 இல் 1000. +0.001 இல் இடப்பக்கம் 1000. நடுவில் 0 என்ற ஒரே ஒரு படித்திறன்தான் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு இரண்டு புள்ளி கொடுத்தால் "ஒரு கோட்டுக்கு ஒரு வெட்டுப்புள்ளி" என்ற பொருத்தம் குலையும். அதனால் வலக்கோடியும் இடக்கோடியும் ஒரே புள்ளி. (0 : −1 : 1), (0 : 1 : −1) இரண்டும் ஒரே விகிதம் என்பதும் அதையேதான் சொல்கிறது.

1639இல் டெசார்க் இந்தப் புள்ளிகளைக் கோடுகளின் பொதுப்புள்ளிகளாக வைத்தே வேலை செய்தார். அதற்கு முன், 1604இல், கெப்ளர் பரவளைவின் இரண்டாவது குவியத்தை முடிவிலியில் வைத்தார். இன்றைய முழு உருவம் பொன்சலே 1822இல் வெளியிட்ட நூலிலிருந்து வருகிறது. பரப்பு ஆள்கூறின் மூலம் மோபியஸ், 1827.

மார்ச் 4, மதியம் 1.10 · கல்லடி

ஒரு குழப்பத்தை இப்போதே வெட்டிவிடுவது நல்லது. நேர்மாற்றல் (வட்டத்தின் உள்ளே இருப்பதை வெளியேயும் வெளியே இருப்பதை உள்ளேயும் புரட்டுவது) படித்தவர்கள் "முடிவிலியில் ஒரே ஒரு புள்ளிதான்" என்பார்கள். அங்கே அது சரி, வட்டமையம் போய்ச் சேர ஒரு புள்ளி போதும். இங்கே திசைக்கு ஒரு புள்ளி, எல்லாம் சேர்ந்து ஒரு கோடு. இரண்டும் வேறு வேறு தளங்கள். ஒரே நிறுவலில் இரண்டையும் கலந்தால் பிழை எங்கே என்று தேடியே விடிந்துவிடும்.

"வட்டமாகத்தானே அடிவானம் தெரிகிறது, அது ஏன் கோடு?" என்றும் யாராவது கேட்பார்கள். எதிரெதிர்த் திசைகள் ஒரே புள்ளி என்பதால் அரைவட்டம் மட்டும் எடுத்து அதன் இரு முனைகளையும் ஒட்ட வேண்டும். எறியக் கேத்திரகணிதத்தில் (இந்த முடிவிலிக் கோட்டையும் சேர்த்துக்கொள்ளும் கேத்திரகணிதம்) எந்த நேர்கோடும் அப்படித்தான் மூடிக்கொள்ளும்.

மார்ச் 4, இரவு 9.00 · செங்கலடி

முக்கோணிக்கு வருவோம், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

பக்கங்கள் 13, 14, 15 என்று எடுங்கள். க = 13 (உச்சி அவுக்கு எதிரே), ச = 14, த = 15. மூன்று துணை எண்கள் வேண்டும்:

கு1 = (ச² + த² − க²) / 2 = 126
கு2 = (த² + க² − ச²) / 2 = 99
கு3 = (க² + ச² − த²) / 2 = 70

சரிபார்ப்பு: கு2 + கு3 = 169 = 13². மூன்று குத்துயரங்களும் வெட்டும் நிமிர்மையம் (கு2கு3 : கு3கு1 : கு1கு2) = (6930 : 8820 : 12474). கூட்டினால் 28224, அது 168². முக்கோணியின் பரப்பு 84, அதன் இருமடங்கு 168. எண்கள் நேராக நிற்கின்றன.

ஒயிலர் கோடு, நடுக்கோடுகள் வெட்டும் மையப்போலி (1 : 1 : 1), நிமிர்மையம் இரண்டினூடாகவும் போகும். அதன் திசை வேண்டுமென்றால் நிமிர்மையத்தின் ஆள்கூறுகளை 3ஆல் பெருக்கி 28224ஐக் கழியுங்கள்: −7434, −1764, 9450. 126ஆல் வகுத்தால் (−59 : −14 : 75).

மார்ச் 4, இரவு 9.25 · அக்கரைப்பற்று

கூட்டிப் பாருங்கள். −59 − 14 + 75 = 2. பூச்சியம் வர வேண்டும். 12474 × 3 = 37422, அதில் 28224 போனால் 9198. 126ஆல் வகுத்தால் 73.

மார்ச் 4, இரவு 9.40 · செங்கலடி

உண்மை. (−59 : −14 : 73) தான். மேலே திருத்தாமல் விட்டுவிடுகிறேன், பாடமாக இருக்கட்டும்: முடிவிலிப் புள்ளி கிடைத்ததும் முதல் வேலை மூன்றையும் கூட்டுவது. அரை நிமிடச் சோதனை, எண்கணிதப் பிழையில் பெரும்பாலானவை இதில் அகப்படும்.

சமபக்க முக்கோணியில் இதே கணக்கு (0 : 0 : 0) தரும். அது புள்ளியே அல்ல. நிமிர்மையமும் மையப்போலியும் ஒன்றாகி ஒயிலர் கோடே இல்லாமற் போனதை அது காட்டுகிறது.

மார்ச் 5, மாலை 5.30 · செங்கலடி

முடிவிலிக் கோட்டைத் தாளில் வரைந்து காட்டுங்கள் என்று சவால் விட்டிருந்தீர்கள். அதை ஒரு வட்டமாக மடக்கிக் காட்டலாம்.

சமகோண உடன்புணரி: (ய : ர : ல) என்ற புள்ளிக்கு (க²/ய : ச²/ர : த²/ல). கேத்திர முறையில், புள்ளியை உச்சிகளோடு இணைக்கும் மூன்று கோடுகளையும் அந்தந்த உச்சியின் கோண இருகூறாக்கியில் தெறிக்க வைத்தால் அவை சந்திக்கும் இடம். விளைவை (யா : ரா : லா) என்று வைத்தால் ய = க²/யா, மற்றவையும் அப்படியே. ய + ர + ல = 0 என்பது க²/யா + ச²/ரா + த²/லா = 0 ஆகும். யா ரா லாவால் பெருக்குங்கள்:

க² ரா லா + ச² லா யா + த² யா ரா = 0

இது சுற்றுவட்டத்தின், அதாவது மூன்று உச்சிகளூடான வட்டத்தின், சமன்பாடு. முடிவிலிக் கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றுவட்டத்தில் ஒரு புள்ளி.

செய்து பார்க்க: ஏ4 தாளில் 13, 14, 15 சென்ரிமீற்றர் முக்கோணி. சுற்றுவட்ட ஆரை 13 × 14 × 15 / (4 × 84) = 8.125 சமீ, தாளுக்குள் அடங்கும். மூலைமட்டத்தை அடிமட்டத்தில் சாய்த்து வழுக்கி, ஏதாவது ஒரு திசையில் மூன்று உச்சிகளூடாகவும் சமாந்தரக் கோடுகள் கீறுங்கள். கவராயத்தால் மூன்று கோண இருகூறாக்கிகள். உச்சியை மையமாக வைத்து ஒரு வில் போட்டு, சமாந்தரக் கோடு வில்லை வெட்டும் இடத்துக்கும் இருகூறாக்கி வெட்டும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கவராயத்தில் எடுத்து இருகூறாக்கியின் மறுபக்கம் வையுங்கள். தெறித்த கோடு அது. மூன்றும் சுற்றுவட்டத்தில் வந்து கூடும்.

பிழைக்கணக்கு: ஒரு உச்சியில் கோணம் அரைப் பாகை தப்பினால் வட்டத்தில் வெட்டுப்புள்ளி 2 × 8.125 × 0.00873 = 0.14 சமீ நகரும். ஒன்றரை மில்லிமீற்றருக்குள் சேர்ந்தால் வேலை சுத்தம். ஒன்று கவனம்: தொடக்கத் திசை நீங்கள் நினைத்ததிலிருந்து தப்பியிருந்தாலும் மூன்று கோடுகளும் சமாந்தரமாக இருந்தால் வட்டத்தில் அழகாகக் கூடிவிடும், வேறொரு புள்ளியில். அவை கூடுவதை வைத்துத் திசை சரி என்று முடிவெடுக்கக் கூடாது.

திசையை ஆஇக்குச் சமாந்தரமாக எடுத்தால் என்ன ஆகும்? ஆ, இ ஊடான கோடுகள் ஆஇ பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், தெறித்தால் ஆஅ, இஅ. சந்திப்பு அ. உச்சி அவூடான கோடு தெறித்து அதே இடத்தில் சுற்றுவட்டத்தின் தொடலியாக நிற்கும். தொடலி கீற இது ஒரு குறுக்குவழி.

ஒயிலர் திசை (−59 : −14 : 73) க்கு உடன்புணரி (−169/59 : −14 : 225/73). பின்னம் நீக்கிக் குறி மாற்றினால் (12337 : 60298 : −13275). கடைசி எண் மட்டும் மறை, ஆக அஆ பக்கத்துக்கு அப்பால் உள்ள வில்லில் கிடக்கிறது. கிம்பர்லிங்கின் முக்கோணி மையப் பட்டியலில் ஒயிலர் திசை 30ஆம் மையம், இந்தப் புள்ளி 74ஆம் மையம்.

மார்ச் 5, இரவு 8.15 · கல்லடி

இதோடு ஒட்டிய இரண்டு.

செங்குத்தான இரண்டு திசைகளை எடுத்தால் உச்சி அவில் தெறித்த கோடுகளும் செங்குத்தாகவே இருக்கும். அரைவட்டத்துக் கோணம் 90 பாகை. எனவே அவற்றின் வட்டப் புள்ளிகள் ஒரு விட்டத்தின் இரு முனைகள். மறுகா, சுற்றுவட்டத்துப் புள்ளி ஒன்றிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் செங்குத்துப் போட்டால் அடிகள் ஒரு கோட்டில் வரும் அல்லவா, சிம்சன் கோடு. அந்தக் கோடு அப்புள்ளியின் உடன்புணரித் திசைக்குச் செங்குத்து.

செங்குத்துத் திசைக்குச் சூத்திரம் வேண்டுவோருக்கு, திசை (ட : ண : ந) ஆனால் செங்குத்துத் திசை (கு2ண − கு3ந : கு3ந − கு1ட : கு1ட − கு2ண). ஆஇ திசையான (0 : 1 : −1) ஐப் போட்டால் (169 : −70 : −99), உச்சி அவின் குத்துயரம்.

மார்ச் 6, காலை 7.00 · அக்கரைப்பற்று

கல்லடி சொன்னதிலிருந்து கூம்புவளைவுகள் சும்மா உதிர்கின்றன. உச்சிகளூடாகப் போகாத ஒரு நேர்கோட்டின் சமகோண உடன்புணரி, மூன்று உச்சிகளூடான கூம்புவளைவு. அது எந்த இனம்? அதன் முடிவிலிப் புள்ளிகளை எண்ண வேண்டும், அதாவது மூலக்கோடு சுற்றுவட்டத்தை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தொட்டால் நீள்வளையம், வெட்டாவிட்டால் பரவளைவு, இரண்டு இடத்தில் வெட்டினால் அதிபரவளைவு.

மார்ச் 6, காலை 7.20 · கல்லடி

காக்கா, முதல் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். வெட்டாவிட்டால் நீள்வளையம். தொட்டால் பரவளைவு.

மார்ச் 6, காலை 7.25 · அக்கரைப்பற்று

ஓம், தேத்தண்ணி குடிக்க முன் எழுதியது. நீள்வளையம் முடிவிலிக் கோட்டை மெய்ப்புள்ளியில் வெட்டாது, பரவளைவு தொடும், அதிபரவளைவு இரண்டு இடத்தில் வெட்டும். அந்த இரண்டு இடத்துத் தொடலிகள்தான் அணுகுகோடுகள்.

மூலக்கோடு சுற்றுமையத்தூடாக (சுற்றுவட்டத்தின் மையம்) போனால் விட்டத்தின் இரு முனை, செங்குத்தான அணுகுகோடுகள், செங்கோண அதிபரவளைவு. நிமிர்மையம் அதில் இருக்கும், ஏனென்றால் சுற்றுமையத்தின் உடன்புணரி நிமிர்மையம். ஒயிலர் கோட்டுக்கு யெராபெக் வளைவு, சுற்றுமையத்தையும் உள்மையத்தையும் இணைக்கும் கோட்டுக்கு ஃபொயர்பாக் வளைவு.

கூம்புவளைவின் மையமும் இதே கோட்டின் பிள்ளைதான், முடிவிலிக் கோட்டின் முனைவு (கோடு வளைவை வெட்டும் இடத்துத் தொடலிகள் சந்திக்கும் புள்ளி). தாளில் கிடக்கும் நீள்வளையத்துக்கு மையம் தேட: சமாந்தரமான இரண்டு நாண்கள், நடுப்புள்ளிகளை இணைக்கவும். வேறு திசையில் மீண்டும் ஒருமுறை. இரு கோடுகளும் வெட்டும் இடம் மையம். இரண்டு நாண்களையும் நெருக்கிப் போட்டால் நடுப்புள்ளிகள் நெருங்கி இணைப்புக்கோடு ஆடும். அகல விடுங்கள். பரவளைவில் இதைச் செய்தால் இரண்டு கோடுகளும் சமாந்தரமாகிவிடும், மையம் முடிவிலியில்.

மார்ச் 6, இரவு 9.10 · களுவாஞ்சிக்குடி

என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் வட்டம் இடிக்கிறது. இரண்டு கூம்புவளைவுகள் நான்கு புள்ளியில் வெட்டும் என்கிறார்கள். இரண்டு வட்டங்கள் இரண்டில்தான் வெட்டுகின்றன. மற்ற இரண்டு எங்கே?

மார்ச் 6, இரவு 10.00 · செங்கலடி

முடிவிலிக் கோட்டில், சிக்கலெண் ஆள்கூறோடு. செங்கோண ஆள்கூறில் எந்த வட்டத்தின் சமன்பாட்டிலும் இருபடி உறுப்புகள் ய² + ர² மட்டும். முடிவிலியில் மற்ற உறுப்புகள் விழுந்து ய² + ர² = 0 மிஞ்சும், அதாவது படித்திறன் +√−1, −√−1. மையம், ஆரை எதுவும் இதில் இல்லை. எனவே எல்லா வட்டமும் இந்த இரண்டு புள்ளிகளூடாகவும் போகின்றன. கூம்புவளைவுக்கு ஐந்து புள்ளி வேண்டும், வட்டத்துக்கு மூன்று போதும் என்பதன் காரணமும் இதுதான். இரண்டு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டன.

பரப்பு ஆள்கூறில் வட்டத்தின் பொது வடிவத்தைப் பாருங்கள்:

க²ரல + ச²லய + த²யர − (ய + ர + ல)(பய + மர + வல) = 0

இரண்டு வட்டங்களைக் கழித்தால் முன்பகுதி போய், (ய + ர + ல) × (ஓர் ஒருபடிக் கோவை) மிஞ்சும். முதற் காரணி முடிவிலிக் கோடு. இரண்டாவது பொது நாண் கிடக்கும் கோடு. நான்கு புள்ளிகளும் இந்த இரண்டு கோடுகளில் இரண்டிரண்டாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மார்ச் 6, இரவு 10.15 · களுவாஞ்சிக்குடி

ஒரே மைய வட்டங்கள்? பொது நாணே இல்லையே.

மார்ச் 6, இரவு 10.30 · செங்கலடி

ஆரை 1, ஆரை 2. சமன்பாடுகளைக் கழித்தால் வெறும் எண் 3 மிஞ்சும். மூன்றாவது ஆள்கூறு ஞ என்று போட்டு ஏகவினமாக (எல்லா உறுப்பும் ஒரே படியில்) எழுதினால் அது 3ஞ². முடிவிலிக் கோடு இருமுறை. பொது நாணும் போய் முடிவிலிக் கோட்டிலேயே படுத்துவிட்டது. இரண்டு வட்டங்களும் அந்தச் சிக்கற்புள்ளிகளில் ஒன்றையொன்று தொடுகின்றன, தொடுகை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கு, மொத்தம் நான்கு.

மார்ச் 7, காலை 6.40 · கல்லடி

செங்குத்து என்பதும் அந்த இரண்டு புள்ளிகளின் வேலைதான். படித்திறன் ம என்றால் செங்குத்துப் படித்திறன் −1/ம. எது தனக்குத் தானே செங்குத்து? ம² = −1. அதே இரண்டு. தனக்குத் தானே செங்குத்தாக நிற்கும் கோடு, கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கும். இரண்டு கோடுகளின் திசைகளையும் இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் குறுக்கு விகிதம் எடுத்து, அதன் மடக்கையிலிருந்து கோணத்தையே பெறலாம் என்று 1853இல் லகேர் காட்டினார்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்த இழையைப் பார்த்துவிட்டு இணைந்த கணித விடைத்தாளில் "முடிவிலியில் சந்திக்கின்றன" என்று எழுத வேண்டாம். படித்திறன்கள் சமன், எனவே சமாந்தரம் என்று எழுதுங்கள். புள்ளி திருத்துபவரோடு தத்துவம் பேச நேரமில்லை.

மார்ச் 7, மாலை 4.45 · அக்கரைப்பற்று

கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போவோம். சமதரையில் நாற்சதுர வரவை (வரம்பு கட்டிய வயல் துண்டு) ஒன்றைப் போனில் படம் எடுத்து, அச்செடுத்து, சென்ரிமீற்றரில் அளந்ததாக வைப்போம். மூலைகள் வரிசையாக (6, 0), (12, 4), (6, 6), (0, 4).

கோட்டுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் ஒரே கருவி: கடைசியில் 1 சேர்த்துக் காவிகளின் குறுக்குப் பெருக்கம். முதல் வரம்பு (6, 0, 1) × (12, 4, 1) = (−4, 6, 24). எதிர் வரம்பு (0, 4, 1) × (6, 6, 1) = (−2, 6, −24). இந்த இரண்டையும் மீண்டும் குறுக்குப் பெருக்கினால் (−288, −144, −12), அதாவது (24, 12). மற்ற இரண்டு வரம்புகளும் (−12, 12) இல் கூடும். இரண்டையும் இணைக்கும் கோடு உயரம் 12. தரையின் முடிவிலிக் கோடு படத்தில் விழுந்த இடம் அது. இப்போது அதை அடிமட்டத்தால் கீறலாம் தம்பி.

நாற்சதுரமாக இருக்கத் தேவையில்லை, இணைகரம் போதும். பிழைப்பது மூன்று இடத்தில். வரம்பு வளைந்திருக்கும், அப்படியானால் வாய்க்கால் கட்டைப் பிடியுங்கள். தரை சரிவாக இருந்தால் வருவது அந்தச் சரிவுத் தளத்தின் கோடு. அகலக்கோண வில்லையில் எடுத்த படத்தில் ஓரத்து நேர்கோடு வளையும், சாதாரண வில்லையில் எடுங்கள். கணினியில் போடுபவர்களுக்கு: சமாந்தரக் கோடுகளின் மூன்றாவது எண் சரியாக 0 வராமல் மிகச் சிறிய தசமமாக நிற்கும். அதால் வகுத்தால் கோடிக்கணக்கில் ஒரு ஆள்கூறு வந்து குதிக்கும். முதலில் மும்மையின் நீளத்தை 1 ஆக்கி, மறுகா 0ஆ என்று பாருங்கள்.

வரவையின் நடு எங்கே? நான்கு மூலைகளின் சராசரி (6, 3.5). அது பிழை. மூலைவிட்டங்கள் வெட்டும் (6, 4) தான் நடு.

மார்ச் 7, இரவு 8.30 · செங்கலடி

அந்த மூலைவிட்டத்திலேயே ஒரு நல்ல சூத்திரம் ஒளிந்திருக்கிறது. தரையில் சம இடைவெளியில் மூன்று புள்ளிகள், படத்தில் முதலாவதிலிருந்து மற்ற இரண்டின் தூரம் ப, ம. முடிவிலிப் புள்ளியின் தூரம்

ப × ம / (2ப − ம)

மேலே உள்ள மூலைவிட்டத்தில் 0, 4, 6. 24 / 2 = 12. அக்கரைப்பற்றுக் காக்கா வரம்புகளை வைத்துக் கண்ட அதே 12.

வேலிக் கம்பங்கள் 0, 60, 100 மிமீ என்றால் 6000 / 20 = 300. ஆனால் 100ஐ 101 என்று அளந்தால் 319, 99 என்று அளந்தால் 283. ஒரு மில்லிமீற்றருக்குப் பத்தொன்பது. தப்ப வழி, நெருங்கிய கம்பங்களை விட்டு ஒன்றாம், நான்காம், ஏழாம் கம்பங்களைப் பிடிப்பது: 0, 128.6, 180. இப்போது 180ஐ 181 என்று அளந்தாலும் ஏறக்குறைய 306 தான். தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளை இதற்கு நம்பாதீர்கள். தண்டவாளத் துண்டுகள் பொருந்தும் இடத்தில் கட்டைகளை நெருக்கிப் போட்டிருப்பார்கள்.

தண்டவாளத்தில் வேறொரு பயன் உண்டு. எங்கள் பாதையின் அகலம் 1676 மிமீ, தண்டவாளத் தலைகளின் உட்பக்கத்துக்கிடையே. கமராவை மட்டமாகப் பிடித்துப் பாதையை நேரே பார்த்து எடுத்த படத்தில், ஏதாவது ஒரு உயரத்தில் பாதை 12 சமீ அகலம், அந்த இடம் அடிவானக் கோட்டுக்கு 11.5 சமீ கீழே என்றால், கமராவின் உயரம் 1.676 × 11.5 / 12 = 1.61 மீற்றர், தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து. எந்த உயரத்தில் அளந்தாலும் இதே விடை வர வேண்டும். வராவிட்டால் அடிவானக் கோடு தப்பியிருக்கிறது, அல்லது பாதை வளைந்திருக்கிறது.

மார்ச் 8, காலை 9.20 · களுவாஞ்சிக்குடி

"இல்லாத கோடு" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். இவ்வளவு கணக்கு எதற்கு, கல்லடிக் கடற்கரையில் நின்று கடலின் அடிவானத்தை எடுத்தால் அதுவே முடிவிலிக் கோடு தானே?

மார்ச் 8, காலை 10.05 · கல்லடி

கிட்டத்தட்ட, ஆனால் இல்லை. கடல் தட்டையல்ல. கண் 1.6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கடல்விளிம்பு √(2 × 6371000 × 1.6) = 4515 மீற்றரில் முடிந்துவிடுகிறது. நாலரைக் கிலோமீற்றர் எங்கே, முடிவிலி எங்கே. அந்த விளிம்பு உண்மையான கிடைமட்டத்துக்குக் கீழே √(2 × 1.6 / 6371000) = 0.00071 ரேடியன், இரண்டரைக் கலைக்குச் (ஒரு கலை பாகையின் அறுபதில் ஒன்று) சற்றுக் குறைவு. காற்றின் முறிவை இதில் சேர்க்கவில்லை.

மார்ச் 8, காலை 10.20 · அக்கரைப்பற்று

படத்தில் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

மார்ச் 8, காலை 10.40 · கல்லடி

60 பாகைப் பார்வை, 3000 பிக்சல் அகலம் என்றால் குவியத்தூரம் 1500 / tan 60° அல்ல, 1500 / tan 30° = 2598 பிக்சல். 2598 × 0.00071 = 1.8. கரையில் நின்று எடுத்தால் இரண்டு பிக்சலுக்குள், வரவைக் கணக்கின் அளவுப்பிழையே அதைவிடப் பெரிது, தாராளமாகக் கடலை நம்பலாம். 25 மீற்றர் உயரத்தில் ஏறி நின்றால் 0.0028 ரேடியன், 7 பிக்சல். அப்போது கடலைக் கோடாக எடுத்தால் மேலே உள்ள கணக்குகள் எல்லாம் அந்த ஏழு பிக்சலால் தப்பும். ஏழைக் கூட்டி மேலே கீறிக்கொள்ளுங்கள்.